சாம்பாரில் விழுந்த பள்ளி

1

நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து இருபது வருடம் முடிந்த அன்று என் கணவர் முருகேசன் ரவா கேசரி கிண்டினார். அதில் இரண்டாவது கரண்டி என் தட்டில் விழும்போது பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. தடயவியல் உளவியல் பட்டப்படிப்புக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். எனக்கு வயது நாற்பத்திரண்டு. இதைச் சொன்னதும் ஊரில் சிலர் புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. தூக்கிவிட்டு மேலே படியுங்கள்.

மின்னஞ்சல் இரண்டு காரியம் கேட்டது. ஒன்று, ஊரில் இரண்டு வருடம் பி.ஏ. உளவியல் படித்தபோது எழுதிய பதினாறு தாள்களுக்கும் கல்லூரி முத்திரையிட்ட பாடத்திட்டம். ஆறு வாரத்துக்குள் வராவிட்டால் அந்தப் பதினாறும் கணக்கில் வராது. இரண்டு, படிப்பைப் பாதியில் நிறுத்திய காரணத்தை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும்.

"பாடத்திட்டந்தான? போன் போட்டுக் கேட்டா அனுப்பி விட்ருவாக" என்றார் முருகேசன். இவர் கூடலூர்க்காரர். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் குமுளியில் இருக்கிற கடைக்காரரிடம் போனிலேயே மலையாளத்தில் பேசி வேண்டியதை வரவழைத்துப் பழகிய குடும்பம். உலகம் முழுவதும் அப்படித்தான் நடக்கிறது என்று இன்னும் நம்புகிறார்.

இரண்டு வாரம் விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து கல்லூரிக்குப் போன் போட்டேன். "மேடம் சாப்பிடப் போயிருக்காக", "மேடம் மீட்டிங்ல இருக்காக", "மேடம் லீவு." நான்காவது நாள் எடுத்தவர், "நீங்க எந்த மேடத்தக் கேக்குறீக?" என்று திருப்பிக் கேட்டார். 

ஆனால் உள்ளதைச் சொன்னால், பாடத்திட்டத்தைவிட அந்த இரண்டாவது கேள்விதான் எனக்குப் பயமாக இருந்தது.

2

மார்க்கையன்கோட்டையில் இருக்கிற அம்மாவிடம் ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவேன்.

"டிரான்ஸ்பர் வாங்கிட்டுப் பெரிய காலேஜுக்குப் போகப் போறேம்மா."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "யாரும் மொட்டப் பெட்டிசன் போட்டுட்டாகளா ஆத்தா?"

எங்கள் வீட்டில் டிரான்ஸ்பர் என்ற சொல்லுக்குத் தண்டனை என்ற ஒரே பொருள்தான். அப்பா அரசுப் பள்ளித் தமிழாசிரியர். தலைமையாசிரியரோடு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டார் என்று அவரை வருசநாட்டுக்கு மாற்றினார்கள். மூன்று வருடம் அவர் பஸ்ஸிலேயே குடியிருந்தார். இங்கே டிரான்ஸ்பர் என்றால் உயர்வு, சின்னக் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் வருடம் சேருவது என்று விளக்கினேன்.

"சரி, என்ன படிப்பு?"

"பாரன்சிக் சைக்காலஜி."

"பாரன்சிக்குனா பொணத்த அறுத்துப் பாப்பாகளே, அதா?"

"இல்லம்மா. இது உசுரோட இருக்குறவகளோட பேசுறது. தப்புப் பண்ணவன் புத்தி தெளிவாத்தான் இருந்தானா, சாட்சி சொல்றவன் நெசமாவே பாத்தானா, ஒத்துக்கிட்டவன் எதுக்கு ஒத்துக்கிட்டான், இதையெல்லாம் ஆராஞ்சு கோர்ட்டுக்குச் சொல்லணும்."

"இது நம்ம தெருவுல எல்லாரும் பண்றதுதான? இதுக்கு எதுக்கு அமெரிக்காவுல போயிப் படிக்கணும்?"

மறுநாளே தெருவில் செய்தி பரவிவிட்டது. வாத்தியார் மகள் ராணி அமெரிக்காவில் போலீசில் சேர்ந்துவிட்டாளாம்.

3

இந்தப் படிப்பின் மேல் எனக்கு ஆசை வந்ததற்கு ஒரே ஒரு கேள்விதான் காரணம்.

எட்டு வருடமாக இங்குள்ள நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போய்வருகிறேன். தினமும் இருக்காது, கூப்பிடும்போது போக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் உணவகச் சமையல்காரருக்காகக் கூப்பிட்டார்கள். அவர் பெயரும் வழக்கும் வேண்டாம். நீதிமன்றம் அனுப்பிய உளவியலாளர் ஒரு பெண்மணி. அவர் கேட்பதைத் தமிழிலும் இவர் சொல்வதை ஆங்கிலத்திலும் நான் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக்கூடாது. அந்த அறையில் நான் வெறும் வாய்.

"அன்றைக்கு நீங்கள் கோபமாக இருந்தீர்களா?"

"நீங்க சொன்னா சரிதாங்க."

"அவரை அடிக்க வேண்டும் என்று நினைத்தீர்களா?"

"நீங்க சொன்னா சரிதாங்க."

அப்படியே மொழிபெயர்த்தேன். ஆங்கிலத்தில் அது சுத்தமான ஒப்புதலாக ஒலித்தது. அந்த அம்மையார் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இது இவருடைய பதிலா, இல்லை மரியாதையா?"

"அதை நான் சொல்லக்கூடாது, அவரிடமே கேளுங்கள்" என்றேன்.

அவர் திரும்பி, "இன்றைக்கு நீங்கள் இங்கே பஸ்ஸில் வந்தீர்கள், அப்படித்தானே?" என்றார். சமையல்காரரை வக்கீல் தன் காரில் கூட்டிவந்தது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"நீங்க சொன்னா சரிதாங்க."

அந்த அம்மையார் சிரித்துவிட்டார். எழுதிய பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, புதுப் பக்கம் திருப்பி, முதல் கேள்வியிலிருந்து வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தார்.

வேலை முடிந்து காரில் ஏறியவள் வண்டியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதுபோல ஓர் அறையில் ஒருநாள் முழுக்க நானும் நின்றிருக்கிறேன். என்னிடம் யாரும் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த மாதமே சின்னக் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

4

எந்தப் பாடம் எதற்கு முன்னால், புள்ளியியல் எப்போது, எது பல்கலைக்கழகத்துக்கு மாறும், எது மாறாது என்று திட்டம் போட்டுத்தர அந்தச் சின்னக் கல்லூரியில் டெனிஸ் என்ற ஆலோசகர் இருந்தார். முதல் சந்திப்பில், நம் ஊர் வழக்கப்படி, "எனக்கு ஒரு டவுட் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கோப்பை மூடிவிட்டார். "இந்த வயதில் திரும்பப் படிக்க வருகிறவர்களுக்குத் தன்மேல் சந்தேகம் வருவது இயல்புதான்" என்று கனிவாகப் பேசி டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். நான் கேட்க வந்தது புள்ளியியல் வகுப்பு எந்தக் கட்டடத்தில் என்று. அன்றைக்கு எனக்கு ஏழு டவுட் இருந்தது. ஏழு முறையும் டப்பா நகர்ந்தது.

அதே கல்லூரியில்தான் என் மகள் நிலாவும் படிக்கிறாள். வயது பத்தொன்பது. வளாகத்தில் என்னைக் கண்டால், பஸ்ஸில் என்றோ பார்த்த ஆளிடம் சொல்வதுபோல ஒரு 'ஹாய்' சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மறைந்துவிடுவாள். தமிழில் கேட்டால் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அவள் பேசியதை இங்கே தமிழாக்கித் தருகிறேன். என் தொழில் அதுதானே.

படிப்பை நிறுத்திய காரணம் என்ற பக்கத்தில் 'திருமணம்' என்று எழுதி, இங்கிலீஷ் பார்த்துத்தரச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். அவள் இங்கிலீஷைப் பார்க்கவில்லை.

"அம்மா, நீ காலேஜை விட்டது நவம்பர். கல்யாண ஆல்பத்தில் அடுத்த வருடம் மே மாதம் போட்டிருக்கிறது. நவம்பரில் உனக்கு அப்பாவைத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியென்றால் யாரைக் கல்யாணம் பண்ணுவதற்காக நிறுத்தினாய்?"

சமையலறையிலிருந்து முருகேசன் எட்டிப் பார்த்தார். "புள்ள கேக்குறது நாயந்தான. நான் மார்ச்சுலதான உன்னயப் பாக்க வந்தேன்?"

இந்த வீட்டில் தடயவியல் உளவியல் படிக்க வேண்டியவள் நானில்லை என்று அப்போதுதான் புரிந்தது. "அப்புறம் சொல்றேன்" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டேன்.

உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். தேனிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் மூன்றாம் வருடம், விடுதியில் ஆறு பேர் ஓர் அறை. விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கலெக்டருக்கு யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். அதில் முக்கியமான குற்றச்சாட்டு, சாம்பாரில் பல்லி விழுந்து கிடந்தது என்பது. எழுதியவருக்கு லகரம் தகராறு. 'சாம்பாரில் பள்ளி விழுந்து கிடந்தது' என்று எழுதிவிட்டார். ஒரு பள்ளிக்கூடமே சாம்பாரில் விழுந்தது எப்படி என்று விசாரிக்கச் சொல்லி அந்தக் கடிதம் கல்லூரிக்கே திரும்பி வந்தது. விடுதி முழுக்கச் சிரித்தது. நிர்வாகம் சிரிக்கவில்லை.

கடிதம் எங்கள் அறையிலிருந்து போனதாகத் துப்பு கிடைத்ததாம். யார் என்று தெரியும்வரை ஆறு பேருக்கும் ஹால் டிக்கெட் கிடையாது என்றார்கள். தமிழ்க் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதால் சந்தேகம் என்மேல் வந்தது. காலையிலிருந்து அலுவலக அறையில் நிற்க வைத்தார்கள். ஒருவர் அதட்டினார், ஒருவர் தண்ணீர் கொடுத்து, "ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போயிரலாம்மா" என்றார். மதியத்துக்குமேல், ஒருவேளை நான்தான் எழுதினேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. நாலு மணிக்கு "நான்தான்" என்றேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அப்பா வந்து, யாரோடும் பேசாமல் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

5

போனில் காரியம் ஆகாது என்று, வகுப்புக்குப் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு மதுரைக்கு வந்து இறங்கினேன். மறுநாள் காலையில் கல்லூரி அலுவலகத்தில் நின்றேன். பழைய ஆட்கள் யாரும் இல்லை. சங்கீதா என்ற இளம்பெண் கிளார்க்காக இருந்தாள்.

"போன் போட்டது நீங்கதானாக்கா? அமெரிக்கானு சொன்னதும் லோன்காரவகனு நெனச்சு ஏதேதோ சொல்லி வச்சுட்டேன்" என்று வெட்கப்பட்டாள். ரெக்கார்டு ரூமுக்குள் போய், தும்மிக்கொண்டே என் கோப்போடு வந்தாள்.

முதல் தாளில் விலகல் விண்ணப்பம். 'படிப்பை நிறுத்தும் காரணம்' என்ற இடத்தில் அப்பாவின் முத்தான கையெழுத்தில் 'திருமணம்' என்று இருந்தது. நவம்பர் மாதத்தில்! அப்போது மாப்பிள்ளை என்று ஒருவரை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. காரணத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பொருத்தமாக முருகேசனைப் பிறகு தேடியிருக்கிறார்.

கடைசியில் இரண்டு தாள்கள் குத்தூசியால் கோத்திருந்தன. ஒன்று அந்த மொட்டைக் கடிதம். இன்னொன்று நான் எழுதிக் கொடுத்த ஒப்புதல். 'சாம்பாரில் பல்லி விழுந்து கிடந்தது என்று கடிதம் எழுதியது நான்தான்.' பல்லி சரியாக இருந்தது. பயந்து அழுதுகொண்டே எழுதியதிலும் பல்லிக்குச் சரியான லகரம் போட்டிருக்கிறேன். இரண்டு தாளும் இருபத்திரண்டு வருடம் ஒன்றையொன்று ஒட்டிக்கிடந்தும் யாரும் சேர்த்துப் படிக்கவில்லை.

நான் விசும்புவதைப் பார்த்து சங்கீதா நாற்காலி போட்டாள். அவளும் இரண்டையும் படித்தாள். "என்னக்கா, கையெழுத்தே வேற மாதிரி இருக்கே!" என்றாள். அவள் உளவியல் படித்தவள் இல்லை, பி.காம்.

வந்த காரியத்தில் ஒரு சிக்கல். அந்த வருடத்துப் பாடத்திட்டப் புத்தகங்கள் மழையில் ஒழுகி வீணாகிவிட்டன. "ஒங்க செட்டுல யாருகிட்டயாச்சும் இருந்தா கொண்டு வாங்க, ஒவ்வொரு பக்கத்துக்கும் சீல் வச்சுத் தர்றேன். சின்னமனூர்ல தனலட்சுமி அக்கா இருக்காகல்ல, பழைய மாணவிகள் சங்கத்துச் செயலாளர். அவுக எல்லாத்தையும் பத்திரமா வச்சிருப்பாக."

தனம் என் அறைத் தோழி. பக்கத்துக் கட்டில். நான் விடுதியை விட்டுப் போனபிறகு ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் கோப்பைப் பற்றிச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "தமிழ் வாத்தியாரு மக பல்லியப் பள்ளினு எழுதுவாளானு உங்கப்பா அன்னைக்கே சொன்னாக" என்றாள்.

"பெறகு ஏம்மா அங்கன சொல்லல?"

"நீயே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்ருக்க. எம் மக பொய் சொல்றானு அங்கன நின்னு எப்பிடிச் சொல்லுவாக? கேட்டா அழுவியோன்னுதான் ஒன்கிட்டயும் கேக்கல."

நான் சொன்னால் அவர் வருத்தப்படுவாரோ என்று நானும் பதினாறு வருடம் சொல்லாமல் இருந்தேன். அம்மாவிடமிருந்து கீரையை வாங்கி ஆய ஆரம்பித்தேன். வேறென்ன செய்ய?

6

சின்னமனூரில் தனத்துக்கு விதைக்கடை. நான் போனபோது அவள் உள்ளே யாருக்கோ தக்காளி விதை எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு கரும்பலகை. அன்றைக்கு வந்த சரக்கைச் சாக்பீஸில் எழுதி வைத்திருந்தாள்.

'வெல்லரி, புடளை, முல்லங்கி விதை வந்துல்லது.'

படியில் வைத்த காலை எடுக்காமல் நின்றுவிட்டேன். நேற்று மொட்டைக் கடிதத்தில் பார்த்த அதே சாய்ந்த எழுத்து. நாங்கள் இங்கிலீஷ் மீடியம், தமிழ் வகுப்பில் மட்டும் வேறு வேறு பிரிவு. இரண்டரை வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்தும் இவள் தமிழ் எழுதி நான் பார்த்ததில்லை.

வாடிக்கையாளர் போனபிறகு தனம் நிமிர்ந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு நான் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"கண்டுபிடிச்சிட்டியாடி" என்றாள்.

"பள்ளி விழுந்துச்சு" என்றேன்.

அவள் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். "மறுநா காலைல போயிச் சொல்லிரணும்னுதான் இருந்தேன் ராணி. நீ சாயங்காலமே ஒத்துக்கிட்ட. ஒங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாக. எங்க வீட்ல தெரிஞ்சா அன்னைக்கே படிப்ப நிறுத்திருப்பாக. இன்னைக்கிச் சொல்லலாம் நாளைக்கிச் சொல்லலாம்னு இருபத்திரண்டு வருசம் ஓடிருச்சு. மார்க்கையன்கோட்டை வழியா பஸ்ல போனா ஒங்க வீடு வர்றப்ப தலையத் திருப்பிக்கிருவேன்."

கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. இவள் வகுப்பில் உட்கார்ந்து பட்டம் வாங்கிய வருடத்தில் நான் கூடலூரில் மாமியார் வீட்டுத் தோட்டத்தில் திராட்சை அறுத்துக்கொண்டிருந்தேன். எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நெசமாவே பல்லி விழுந்துச்சா?"

"சத்தியமா விழுந்துச்சுடி! வாலு என் தட்டுல கெடந்துச்சு. அத முழுங்கிருப்பேன், தெரியுமா?"

முதலில் அவள் சிரித்தாளா, நான் சிரித்தேனா தெரியவில்லை. விதை வாங்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். கோபம் போய்விட்டதா என்று கேட்டால், பாதி போனது. மீதி இன்னும் அவ்வப்போது வருகிறது, வந்தால் அவளுக்கே போன் போட்டுத் திட்டிவிடுகிறேன்.

பாடத்திட்டப் புத்தகத்தை அட்டை போட்டு வைத்திருந்தாள். அதைக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினாள். "நானும் வர்றேன்" என்றாள்.

"எங்க?"

"காலேஜுக்கு. எழுதிக் குடுத்துர்றேன்."

சங்கீதாவின் மேசைக்கு முன்னால் நின்று, "அந்தக் கடிதாசி எழுதுனது நான்தாம்மா" என்று சொன்னாள் தனம். இத்தனை வருடம் கழித்து வந்த ஒப்புதலை என்ன செய்வதென்று சங்கீதாவுக்குத் தெரியவில்லை, அதற்கென்று படிவம் இல்லை. கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். தனம் எழுத எழுத, நான் பக்கத்தில் நின்று லகரம் திருத்தினேன். சங்கீதா பதினாறு தாள்களின் பாடத்திட்டத்துக்கும் பக்கம் பக்கமாகச் சீல் வைத்த கையோடு, தனத்தின் தாளிலும் ஒரு சீல் வைத்துக் கோப்பில் சேர்த்தாள்.

7

திரும்பி வந்து, காரணம் கேட்ட பக்கத்தைப் புதிதாக எழுதினேன். பல்லியும் பள்ளியும் ஆங்கிலத்தில் விளங்காது என்பதால் ஓர் அடிக்குறிப்பு தேவைப்பட்டது. நிலா படித்தாள். இந்த முறையும் இங்கிலீஷைத் திருத்தவில்லை. "நீ எழுதலன்னு தாத்தாவுக்குத் தெரியுமா?" என்று தமிழில் கேட்டாள். தெரியும் என்றேன். மறுநாள் வளாகத்தில் தன் தோழிகளை நிறுத்தி வைத்து, "இது என் அம்மா" என்று காட்டினாள். எனக்கு மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இந்தமுறை 'ஹாய்' சொல்லிவிட்டு ஓடியது நான்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பதினாறு தாளில் பதினொன்றை ஏற்றுக்கொண்டார்கள். இடமும் கிடைத்தது.

போன வாரம் மாற்றல் மாணவர்களுக்கான அறிமுக நாள். முருகேசன் கூட வந்தார். வாசலில் நின்ற பெண் எங்கள் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு இருவருக்கும் 'குடும்பம்' என்று அச்சிட்ட அட்டையை நீட்டினாள். நான்தான் மாணவி என்றதும், முகம் சிவந்து ஆயிரம் மன்னிப்புக் கேட்டு என் அட்டையை மாற்றினாள். முருகேசனின் அட்டையை மாற்றவில்லை. அவரைப் பெற்றோர் கூட்டம் நடக்கும் அரங்குக்கு அனுப்பிவிட்டாள்.

மூன்று மணி நேரம் கழித்து நான் வெளியே வந்தபோது, கையில் பல்கலைக்கழகம் கொடுத்த பையும் குறிப்பெடுத்த தாளுமாக மரத்தடியில் நின்றிருந்தார்.

"என்ன சொன்னாக?" என்றேன்.

"நெறையச் சொன்னாக." தாளைப் பார்த்தார். "மொத மாசம் கொஞ்சம் பயந்துக்கிருவாகளாம். அதுக்காக நாம போயி அவுக வேலையச் செஞ்சு குடுக்கக்கூடாதாம். மார்க்கு கேட்டு நச்சரிக்கக்கூடாதாம். சும்மா சும்மா போன் போடக்கூடாதாம்."

"சரி."

"ஆனா சாப்பிட்டாகளானு கேட்டுக்கிறலாமாம்." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சாப்பிட்டியா?"